ஆட்டிசம் சேவைகள் பற்றி அவையில் கேட்க வேண்டிய கேள்விகள்: வரைவு எழுத உதவி தேவை

கேள்வி (பெற்றோர் குழு ஒன்றின் செயலாளர்)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து நடத்தும் சிறிய குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன். அண்மையில் எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினரைச் சந்தித்து எங்கள் நிலையை விளக்கினோம். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பொதுவான மனுவாகத் தராமல், வினா நேரத்திலும், துறைகளின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்திலும் தாம் அப்படியே எழுப்பக்கூடிய கேள்விகளாக எழுதித் தருமாறு சொன்னார். நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்திலும் ஏறத்தாழ இதையே சொன்னார்கள். இப்படி ஒரு வாய்ப்பு எளிதில் அமைவதில்லை என்பதால் அதை வீணாக்கிவிடக் கூடாது என்ற கவலை எங்களுக்கு இருக்கிறது.

நாங்கள் எழுதிய முதல் வரைவில் மூன்று கேள்விகள் இருந்தன. மாநிலத்தில் ஆட்டிசத்துக்கான மையங்கள் எத்தனை உள்ளன, அவற்றுக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டுள்ளது, எங்கள் மாவட்டத்தில் புதிய மையம் அமைக்க அரசு முன்வருமா என்பவையே அவை. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது, இவற்றுக்கு என்ன பதில் வரும் என்பதை நாங்களே ஊகிக்க முடிந்தது. ஓர் எண்ணிக்கையும் ஒரு தொகையும் வரும், அதோடு "அரசின் பரிசீலனையில் உள்ளது" என்ற வரியும் வரும். அந்தப் பதிலில் பொய் எதுவும் இருக்காது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்பதும் அதில் இருக்காது.

நாங்கள் நாள்தோறும் பார்ப்பது வேறு. கட்டடம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் காலியாக இருக்கிறது, அல்லது அவர் வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேறு ஊரிலிருந்து வந்து போகிறார். குழந்தைக்கு இரண்டு வயதில் ஐயம் எழுந்தாலும், மதிப்பீடும் சான்றிதழும் முடிந்து முறையான பயிற்சி தொடங்குவதற்குள் ஆரம்ப நிலைப் பயிற்சிக்குரிய வயதே கடந்துவிடுகிறது. வசதி உள்ளவர்கள் தனியார் தெரபி நிலையங்களை நாடுகிறார்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பை எந்தப் பதிவேடும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்கூட ஆட்டிசம் தனி வகையாக இடம்பெறவில்லை. ஆகவே எங்கள் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற அடிப்படைக் கேள்விக்கே நாட்டளவில் எண்ணிப் பார்த்துச் சொன்ன பதில் கிடையாது.

எங்களுக்குத் தேவைப்படும் விளக்கங்கள் இவை. எந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் கேட்க வேண்டும், எதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்? செலவைப் பற்றிக் கேட்கும்போது, ஒதுக்கிய தொகையை மட்டும் சொல்லிப் பதிலை முடித்துவிட முடியாதபடி எப்படிக் கேட்பது? ஒரு மையம் இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அதற்குள் என்ன நடக்கிறது என்பதை வெளிக்கொணரும் கேள்வி எப்படி அமைய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் பெரிதும் நன்றியுடையவர்களாக இருப்போம்.

மறுமொழி 1 (அவைச் செயலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்)

உங்கள் முதல் வரைவின் குறையை நீங்களே சரியாகக் கண்டுகொண்டுவிட்டீர்கள். "அரசு முன்வருமா?" என்று முடியும் கேள்வி, ஆம் அல்லது இல்லை என்பதைத் தவிர வேறெதையும் அமைச்சரிடமிருந்து பெறாது. அது ஒரு கோரிக்கை. அதற்குரிய இடம் மனுக்கள் குழு. அங்கே அதற்கு உண்மையான பயன் உண்டு என்பதால், அந்த ஒரு வரியை மனுவாக மாற்றித் தனியே அனுப்பிவிடுங்கள். வினா நேரத்தை, அரசின் கையில் மட்டும் இருக்கும் தகவலை அவைக் குறிப்பில் ஏற்றுவதற்காகப் பயன்படுத்துங்கள்.

எந்த அவையில் கேட்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாற்றுத்திறனாளிகளுக்கான நிவாரணம் மாநிலப் பட்டியலின் 9ஆவது பதிவாக உள்ளது. பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் அதே பட்டியலின் 6ஆவது பதிவில் உள்ளன. கல்வி, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு பொதுப் பட்டியலில் இருக்கிறது. இதனால், மாவட்ட மையம் ஒன்றில் பணியிடம் காலியாக இருப்பதைப் பற்றி மக்களவையில் கேட்டால், "இது மாநில அரசைச் சார்ந்தது" என்று ஒன்றிய அமைச்சர் ஒற்றை வரியில் முடித்துவிடலாம். அதே விவரத்தைச் சட்டமன்றத்தில் கேட்டால், "இது ஒன்றிய அரசின் திட்டம், நிதி வரவில்லை" என்று சொல்ல இடம் கிடைத்துவிடும். உங்கள் பிரச்சினை இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே விழுந்து காணாமற்போவதுதான் வழக்கமாக நடப்பது. எனவே ஒரே பொருளை இரண்டு அவைகளிலும், ஒன்றின் பதிலை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். இன்ன திட்டத்தின்கீழ் இந்த மூன்று நிதியாண்டுகளில் தமிழ்நாட்டுக்கு விடுவித்த தொகை எவ்வளவு, அதைச் செலவிட்டதாக மாநிலம் தரும் பயன்பாட்டுச் சான்றிதழ் எவ்வளவுக்கு வந்துள்ளது என்று நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். அதே திட்டத்தில், அதே ஆண்டுகளில், பெற்ற தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, மீதி எங்கே உள்ளது என்று சட்டமன்றத்தில் கேட்க வேண்டும். இரண்டு பதில்களும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்கள் அடுத்த கேள்வி தானாகவே கிடைத்துவிடும்.

ஒன்றிய அரசிடம் மட்டுமே கேட்கக்கூடியவையும் உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்காக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அமைந்த தேசிய அறக்கட்டளை, ஒன்றியச் சமூகநீதி அமைச்சகத்தின்கீழ் இயங்குகிறது. ஆரம்ப நிலைப் பயிற்சிக்கான திஷா, பகல்நேரப் பராமரிப்புக்கான விகாஸ், இல்லப் பராமரிப்புக்கான சமர்த், கரௌண்டா, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா மருத்துவக் காப்பீடு ஆகியவை அதன் திட்டங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கிய பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும் ஒன்றிய அரசைச் சேர்ந்ததே. இவை தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்களை எட்டியிருக்கின்றன, எத்தனை மாவட்டங்களில் அறக்கட்டளையில் பதிவுபெற்ற ஓர் அமைப்புகூட இல்லை என்பவை நாடாளுமன்றத்துக்கு உரிய கேள்விகள்.

கேள்வியின் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மக்களவை விதிகளின்படி ஒரு கேள்வி வழக்கமாக 150 சொற்களுக்கு மேற்படக் கூடாது. அதில் வாதம், அனுமானம், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் இருக்கக் கூடாது. கருத்தும் கேட்கக் கூடாது. "பிள்ளைகள் பரிதவிப்பதை அரசு அறியுமா?" என்று எழுதினால் கேள்வி அனுமதிக்கப்படாமலே போகலாம். உங்கள் வேதனை நியாயமானதுதான், ஆனால் அதற்குரிய இடம் விவாதம். பதினைந்து முழு நாள்களுக்கு முன்னதாக அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பலர் தரும் அறிவிப்புகளிலிருந்து குலுக்கல் முறையில்தான் தேர்வு நடக்கிறது என்பதால், ஒரே நாளுக்கு ஒரே ஒரு கேள்வியை நம்பியிருக்காமல், ஒத்த கருத்துடைய வேறு உறுப்பினர்களிடமும் வரைவைக் கொடுத்து வையுங்கள்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், துணைக் கேள்விகளும் எழுப்பலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 கேள்விகள் வாய்மொழிப் பதிலுக்கும் 230 எழுத்துப் பதிலுக்கும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. வாய்மொழிக் கேள்வி செய்தியாகும் என்பதால் எல்லோரும் அதையே விரும்புகிறார்கள். உங்கள் தேவை மாவட்ட வாரியான அட்டவணை. அது எழுத்துப் பதிலின் இணைப்பில்தான் முழுமையாக வரும். எனவே முதலில் எழுத்துப் பதிலைப் பெறுங்கள், அதில் தெரியும் குறையைப் பிறகு வாய்மொழிக் கேள்வியாக்குங்கள்.

மறுமொழி 2 (அரசுக் கணக்குத் தணிக்கையில் பணிபுரிந்தவர்)

செலவு பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

"எவ்வளவு ஒதுக்கப்பட்டது?" என்ற கேள்வி, அரசுக்கு மிகவும் வசதியான எண்ணைக் கேட்கும் கேள்வி. ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று எண்கள் உண்டு. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ அறிவிக்கப்படும் வரவு-செலவுத் திட்ட மதிப்பீடு முதலாவது. ஆண்டின் பிற்பகுதியில் மாற்றப்படும் திருத்திய மதிப்பீடு இரண்டாவது. ஆண்டு முடிந்து கணக்கு மூடிய பிறகு தெரியவரும் உண்மையான செலவு மூன்றாவது. மேடைகளில் பேசப்படுவது எப்போதும் முதல் எண். உங்கள் பிள்ளைகளை வந்தடைவது மூன்றாவது எண். எனவே மூன்றையும், தொடர்ச்சியான மூன்று ஆண்டுகளுக்கு, திட்ட வாரியாகக் கேளுங்கள். திருத்திய மதிப்பீட்டில் தொகை குறைந்திருந்தால் "அதற்கான காரணங்கள் யாவை" என்ற பிரிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்பதை எந்த விதியும் தடுக்கவில்லை.

இது வெறும் கணக்கு நுணுக்கம் அல்ல. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கென ஒன்றிய அரசு வைத்திருக்கும் சிப்டா திட்டத்துக்கு 2022-23இல் மதிப்பீடாக அறிவிக்கப்பட்டது ஏறத்தாழ 240 கோடி ரூபாய். அதற்கடுத்த ஆண்டில் அது 150 கோடி ரூபாயாகவும், 2024-25இல் ஏறத்தாழ 135 கோடி ரூபாயாகவும் இறங்கியது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒன்றிய அரசுத் துறையின் மொத்த ஒதுக்கீடோ 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஏறக்குறைய 1,225 கோடி ரூபாயாகவே இருந்தது. மொத்தத்தை மட்டும் கேட்டிருந்தால், "ஒதுக்கீடு குறைக்கப்படவில்லை" என்ற பதிலே வந்திருக்கும். முந்தைய ஆண்டில் செலவாகாமல் மீந்ததைக் காட்டியே அடுத்த ஆண்டில் தொகையைக் குறைப்பது நிதித்துறைகளின் வழக்கம். தேவைப்படுபவர்கள் இருந்தும் பணம் ஏன் செலவாகவில்லை என்பதை யாராவது அவையில் கேட்டால்தான் அந்தச் சுழல் நிற்கும்.

மாநிலத்திலும் இதே முறைதான். அரசுக் கணக்கில் சமூகப் பாதுகாப்பு மற்றும் நலன் என்ற 2235ஆம் பெருந்தலைப்பில் வருவாய்ச் செலவும், 4235இல் மூலதனச் செலவும் வரும். இவ்விரண்டையும் பிரித்துக் கேட்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மூலதனச் செலவு என்பது கட்டடம். வருவாய்ச் செலவில்தான் பயிற்சியாளரின் சம்பளம் இருக்கிறது. ஆட்டிசத்தைப் பொறுத்தவரை சேவை என்பதே மனிதர் மனிதருக்குத் தரும் பயிற்சி. எத்தனை புதிய அறைகள் கட்டினாலும், ஊதியத் தலைப்பில் தொகை உயராவிட்டால் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் பயிற்சி நேரம் கூடாது. மானியக் கோரிக்கை நாளில் அவையில் வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்பையும் நிதிநிலை ஆவணங்களையும் அருகருகே வைத்துப் படித்தால் இந்த வேறுபாடு கண்ணில் படும். மானியத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானத்தை உறுப்பினர் கொடுக்க விரும்பினால், அதற்கான பொருளாகவும் இதைச் சொல்லலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான தலைப்புகளில் ஆட்டிசத்துக்கெனத் தனிக் கணக்கு கிடையாது, எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் சேர்த்தே செலவு எழுதப்படுகிறது. அதனால் "ஆட்டிசத்துக்கு எவ்வளவு செலவிடப்பட்டது?" என்று கேட்டால் "தனியாகப் பராமரிக்கப்படவில்லை" என்று பதில் வரும். அந்தப் பதிலும் ஓர் ஆவணம்தான். பயனாளிகளின் எண்ணிக்கையைக் குறைபாட்டு வகை வாரியாகக் கேட்டால், மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைத் தரவிலிருந்து அதைத் தர முடியும். எனவே தொகையைத் திட்ட வாரியாகவும், பயனாளிகளை வகை வாரியாகவும் கேளுங்கள்.

நாடாளுமன்றத்தில் துறைசார் நிலைக்குழு ஒவ்வோர் ஆண்டும் சமூகநீதி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஆராய்ந்து அறிக்கை தருகிறது. அவையில் பல அமைச்சகங்களின் மானியங்கள் விவாதமின்றியே நிறைவேறிவிடும் சூழலில், கேள்விகள் ஆழமாகக் கேட்கப்படும் இடம் அந்தக் குழுதான். உங்கள் உறுப்பினர் அதில் இல்லாவிட்டாலும், குழுவுக்கு எழுத்து மூலம் கருத்தனுப்ப எவருக்கும் தடையில்லை.

மறுமொழி 3 (சிறப்பாசிரியர்)

நான் பணிபுரியும் இடத்திலிருந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன். மேலே இருவரும் சொன்ன கேள்விகளோடு சேர்க்க வேண்டியவை சில உள்ளன.

ஒரு மையம் "செயல்பட்டு வருகிறது" என்ற சொற்றொடரை எந்தப் பதிலிலும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, காலியானவை, எத்தனை காலமாகக் காலியானவை ஆகியவற்றைப் பதவி வாரியாகக் கேளுங்கள். பேச்சுப் பயிற்சியாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தருபவர்), மருத்துவ உளவியலாளர், சிறப்பாசிரியர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். "பணியாளர்கள்" என்று பொதுவாகக் கேட்டால் காவலரையும் கணினி இயக்குபவரையும் சேர்த்து எண்ணிக்கை வந்துவிடும். அவர்களும் மையத்துக்குத் தேவையானவர்களே, ஆனால் குழந்தைக்குப் பயிற்சி தருபவர்கள் அவர்கள் அல்லர். நிரந்தரப் பணியா, ஒப்பந்தப் பணியா என்பதும் முக்கியம். ஆட்டிசம் உள்ள குழந்தை ஒரு பயிற்சியாளரிடம் பழகி, அவர் குரலையும் முறையையும் ஏற்றுக்கொள்ளவே நெடுங்காலம் ஆகும். ஒப்பந்தம் முடிந்து அவர் மாறிவிட்டால் அந்தக் குழந்தை மீண்டும் தொடக்கத்துக்கே வந்து நிற்கிறது. இதை எந்த ஆண்டறிக்கையும் பதிவு செய்வதில்லை.

அடுத்ததாகக் காத்திருப்புக் காலம். 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதித்து, தேவையானவர்களை மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். பரிசோதிக்கப்பட்ட பிள்ளைகளின் எண்ணிக்கை அறிக்கைகளில் பெரிதாக இருக்கும். பரிந்துரைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் மையத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், வந்தவர்களில் தொடர்ந்து பயிற்சி பெறுபவர்கள் எத்தனை பேர், பரிந்துரைக்கும் முதல் பயிற்சிக்கும் இடையிலான சராசரி நாள்கள் எத்தனை என்று படிப்படியாகக் கேட்க வேண்டும். எந்தப் படியில் பிள்ளைகள் உதிர்கிறார்கள் என்பது அப்போது தெளிவாகத் தெரியும். அரசு உண்மையாகவே சரிசெய்ய விரும்பினால் அதற்கும் இந்தத் தகவல்தான் வேண்டும் என்பதால், இதை எதிர்ப்புக் கேள்வியாக யாரும் கருத வேண்டியதில்லை. உலக வங்கி உதவியுடன் நம் மாநிலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்காக நடைபெறும் உரிமைகள் திட்டத்தின் "விழுதுகள்" சேவை மையங்களுக்கும் இதே அளவுகோலைப் பொருத்திக் கேட்கலாம்.

பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு கேள்வி தேவை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 1995ஆம் ஆண்டின் பழைய சட்டம் குறிப்பிட்ட ஏழு வகைகளில் ஆட்டிசம் இல்லை. புதிய சட்டத்தின் 21 வகைகளில் அது இடம்பெற்றது. பள்ளி செல்லும் பிள்ளைகளிடையே ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும், முதலாவது கணக்கெடுப்பை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்க வேண்டும் என்று அதன் 17ஆவது பிரிவு சொல்கிறது. அந்தக் கணக்கெடுப்பு எந்த ஆண்டில் நடந்தது, அதில் ஆட்டிசம் உள்ளவர்களாக அறியப்பட்ட பிள்ளைகள் மாவட்ட வாரியாக எத்தனை பேர் என்று கேட்டால், உங்கள் "எத்தனை பேர்?" என்ற அடிப்படைக் கேள்விக்குச் சட்டத்தின் துணை கிடைத்துவிடும். சிறப்பாசிரியர்களைப் பொறுத்தவரை, தொடக்க நிலையில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட நிலைகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை, ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணையைத் தொடர்ந்து, ஒன்றிய அரசு 2022இல் அறிவித்தது. அந்த விகிதத்தின்படி நம் மாவட்டத்தில் எத்தனை பணியிடங்கள் இருக்க வேண்டும், எத்தனை உள்ளன என்று கேளுங்கள். ஒரு வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் பல பள்ளிகளுக்கு முறைவைத்துச் செல்லும் நிலையில், ஒரு பிள்ளைக்கு வாரத்தில் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதும் அப்போது வெளிவரும்.

வசதிகள் என்றதும் எல்லோரும் சாய்தளத்தையும் கைப்பிடியையும் மட்டுமே நினைக்கிறார்கள். அவை இன்றியமையாதவை. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்குத் தடையாக இருப்பது இரைச்சலும், கண்ணைக் கூசச் செய்யும் விளக்கும், நெரிசலான வரிசையும்தான். மதிப்பீட்டு முகாமுக்கு வரும் ஆட்டிசம் உள்ள குழந்தை நூற்றுக்கணக்கானோர் நடுவே மணிக்கணக்கில் காத்திருந்து, முற்றிலும் நிலைகுலைந்த பிறகுதான் மருத்துவர் முன் அமர்த்தப்படுகிறது. அமைதியான தனி அறையும் முன்பதிவு நேரமும் எத்தனை மையங்களில் உள்ளன என்ற கேள்விக்கு அதிகம் செலவாகாத தீர்வு இருக்கிறது என்பதால், அதற்கு நல்ல பதில் வரும் வாய்ப்பும் அதிகம்.

மறுமொழி 4 (ஆட்டிசம் உள்ள 26 வயது இளைஞரின் தாய்)

எல்லோரும் குழந்தைகளைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள், அது இயல்பானதே. என் மகனும் ஒரு காலத்தில் குழந்தையாகத்தான் இருந்தான் என்பதால் அந்தக் கேள்விகளின் அவசரம் எனக்குத் தெரியும். ஆனால் பதினெட்டு வயது நிறைந்ததும் ஏறத்தாழ எல்லாத் திட்டங்களும் ஒரே நாளில் முடிந்துவிடுகின்றன. பள்ளி முடிகிறது, பயிற்சி மையமும் முடிகிறது. ஆட்டிசம் மட்டும் முடிவதில்லை. உங்கள் வரைவில் இதற்கு ஓர் இடம் கட்டாயம் வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட ஆட்சியரை உள்ளடக்கிய உள்ளூர் அளவிலான குழு இருக்க வேண்டும். பதினெட்டு வயது கடந்தவர்களுக்குச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிப்பது அந்தக் குழுதான். அந்தச் சான்று இல்லாமல் வங்கியிலும் சொத்துப் பதிவிலும் நாங்கள் எத்தனை முறை திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறோம் என்பதை எண்ணிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் அந்தக் குழு கடந்த இரண்டு ஆண்டுகளில் எத்தனை முறை கூடியது, நிலுவையில் உள்ள விண்ணப்பங்கள் எத்தனை என்பது எளிய கேள்வி. 38 மாவட்டங்களுக்கும் ஓர் அட்டவணையாக அதைத் தந்துவிடலாம்.

வேலைவாய்ப்பையும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய நான்கு விழுக்காட்டில், ஒரு விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்குச் சேர்த்து வழங்கப்பட்டுள்ளது. அந்த ஒரு விழுக்காட்டில் இதுவரை நிரப்பப்பட்ட இடங்கள் எத்தனை, அவற்றில் ஆட்டிசம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று துறை வாரியாகக் கேட்க வேண்டும். "தகுதியானவர்கள் கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால், எந்தெந்தப் பணிகள் இவர்களுக்கு ஏற்றவையாக அடையாளம் காணப்பட்டுள்ளன என்பதைத் துணைக் கேள்வியாக்குங்கள்.

எங்களுக்குப் பிறகு இவர்கள் எங்கே வாழ்வார்கள் என்ற கேள்விதான் என் வயதுப் பெற்றோர் அனைவரின் உறக்கத்தையும் கெடுக்கிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான அரசு அல்லது அரசு உதவிபெறும் இல்லங்கள் மாவட்ட வாரியாக எத்தனை, மொத்த இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, பெண்களுக்கான இடங்கள் எத்தனை என்று கேளுங்கள். பெண் பிள்ளைகளின் பெற்றோருக்காக இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

உங்கள் அனைவருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி. அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்த பிறகு பெரியவர்களுக்கான கேள்வியைத் தனி வரைவாகவே எழுத முடிவு செய்திருக்கிறோம். இப்போதைக்குச் சட்டமன்றத்துக்கென முதல் கேள்வியை இப்படி அமைத்திருக்கிறோம். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

"(அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில், மாவட்ட ஆரம்ப இடையீட்டு சேவை மையங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட, வந்து சேர்ந்த, தொடர்ந்து பயிற்சி பெறும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் எண்ணிக்கை மாவட்ட வாரியாக யாது? (ஆ) அம்மையங்களில் அனுமதிக்கப்பட்ட, நிரப்பப்பட்ட, காலியாக உள்ள பணியிடங்கள் பதவி வாரியாக யாவை? (இ) இதே ஆண்டுகளில் ஊதியத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியாகச் செய்யப்பட்ட உண்மையான செலவு எவ்வளவு? (ஈ) ஆட்டிசம் உள்ள மாணவர்களுக்கான சிறப்பாசிரியர் பணியிடங்கள் ஒன்றிய அரசு அறிவித்த விகிதத்தில் உள்ளனவா? இல்லையெனில், காரணங்கள் யாவை?"

மறுமொழி 5 (அவைச் செயலகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்)

நன்றாக வந்திருக்கிறது. இரண்டு திருத்தங்கள் மட்டும் சொல்கிறேன். முதல் மூன்று பிரிவுகளும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு உரியவை, (ஈ) பிரிவு பள்ளிக் கல்வித் துறைக்கு உரியது. ஒரே கேள்வியில் இரண்டு துறைகள் வந்தால், பதிலளிக்கும் அமைச்சர் மற்றொன்றை எளிதாகத் தவிர்த்துவிடலாம், அல்லது கேள்வியே துறை மாற்றத்தில் காலம் கடந்துவிடும். எனவே (ஈ) பிரிவை எடுத்துத் தனிக் கேள்வியாக்கிவிடுங்கள். (ஆ) பிரிவில் "மார்ச் 31ஆம் நாள் நிலவரப்படி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாள் குறிப்பிடாத பணியிட விவரத்தை அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

பதில் வந்த பிறகு செய்ய வேண்டியதையும் இப்போதே குறித்து வையுங்கள். அமைச்சர் அவையில் "விவரங்கள் திரட்டப்பட்டு வருகின்றன" என்றோ "விரைவில் நிரப்பப்படும்" என்றோ சொன்னால் அது உறுதிமொழியாகக் கருதப்படும். நாடாளுமன்றத்தில் அதை மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது முறை, கண்காணிக்க அரசு உறுதிமொழிகள் குழு உண்டு. சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு இருக்கிறது. பெரும்பாலான உறுதிமொழிகள் கேட்டவர்களாலேயே மறக்கப்படுகின்றன. அவைக் குறிப்பின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நாளைக் குறித்து, கெடு முடிந்த வாரமே உறுப்பினர் வழியாகக் குழுத் தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான கேள்வியை அந்தக் கடிதத்தின் எண்ணைக் குறிப்பிட்டே தொடங்கலாம்.